இரண்டு வெள்ளி

ஸ்கெலிடன் என்பது சின்னச் சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்து, தலை முன்னே போக, பனிச்சரிவில் பாயும் பந்தயம். சுவிட்சர்லாந்தின் செயிண்ட் மோரிட்ஸ் ஊரிலுள்ள கிரெஸ்டா தடத்தில்தான் 1928 ஒலிம்பிக்கில் இது முதலில் நடந்தது. அமெரிக்கர் ஜெனிசன் ஹீட்டனுக்குத் தங்கம். ஒரே விநாடி பிந்திய தம்பி ஜானுக்கு வெள்ளி. ஜானுக்கு அப்போ வயசு 19.

அடுத்த முறை பார்த்துக்கலாம் என்றால், 1932லும் 1936லும் ஸ்கெலிடனே இல்லை. பிறகு உலகப்போர், இரண்டு ஒலிம்பிக்குகள் ரத்து. 1948ல் ஒலிம்பிக் அதே ஊருக்குத் திரும்பியபோதுதான் ஸ்கெலிடனும் திரும்பியது. 39 வயது ஜான் மறுபடி வந்து படுத்தார். மறுபடியும் வெள்ளி. தங்கம், அந்த ஊரிலேயே வாழ்ந்த இத்தாலியர் நீனோ பிபியாவுக்கு.

அதற்கப்புறம் 2002 வரை ஒலிம்பிக்கில் ஸ்கெலிடன் கிடையாது. ஸ்கெலிடன் பதக்கப் பட்டியலில் ஜானுக்கு இரண்டு வெள்ளி, அவ்வளவுதான். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மனுஷனோட இளமையே போயிருக்கு.