குரோம்பேட்டை தந்த வசனகர்த்தா

எம்.ஐ.டி. கல்லூரி என்றால் எங்கள் குரோம்பேட்டைக்காரர்கள் உடனே அப்துல் கலாம் பேரைத்தான் சொல்வார்கள். அதே ஐம்பதுகளில், அதே வளாகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த எஸ்.ரங்கராஜனை, அதாவது சுஜாதாவை, நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. ஸ்டேஷன் பக்கம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன் நான். எங்கள் தொழிலைப் படித்த ஒருவர் சினிமாவுக்கு எழுதினார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

குரோம் லெதர் கம்பெனியால் பேர் வாங்கிய ஊர் இது. தோல் பதனிட்ட ஊரில் 1949இல் சி.ராஜம் தன் வீட்டை விற்று அந்தக் கல்லூரியைத் தொடங்கினார். விமானம், மோட்டார் வாகனம், எலெக்ட்ரானிக்ஸ் என்று வேறெங்கும் லேசில் கிடைக்காத பாடங்கள். பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கலாமும் ரங்கராஜனும் திருச்சி செயின்ட் ஜோசப்பிலிருந்து வந்தவர்கள்.

அப்புறம் ரங்கராஜனுக்கு வேலை விமானப் போக்குவரத்துத் துறையில், பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கும் பங்குண்டு. குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், எழுதுவதற்கு மனைவி பேரை எடுத்துக்கொண்டார்.

சினிமா முதலில் அவரிடம் கதையை மட்டும்தான் வாங்கியது. 'காயத்ரி' 1977, 'ப்ரியா' 1978. இரண்டுக்கும் திரைக்கதை பஞ்சு அருணாசலம். தொடர்கதையில் மூளையால் ஜெயிக்கிற வக்கீல் கணேஷ், 'ப்ரியா'வில் ரஜினியாகிப் பாட்டும் சண்டையுமாக வந்தார். வாசகர்களுக்கு அது கசந்தது. 1986இல் கமலின் 'விக்ரம்'. அதில் களவுபோகிற ஏவுகணையின் பேர் அக்னிபுத்திரன். மூன்றே வருஷத்தில் கலாமின் அக்னி நிஜமாகவே பறந்தது. எம்.ஐ.டி.க்காரர்கள் பேசிவைத்துக்கொண்டார்களோ என்னவோ!

வசனத்தில் அவருடைய உண்மையான ஆட்டம் 'ரோஜா'வில் (1992) ஆரம்பித்தது. 'பராசக்தி' காலத்திலிருந்து நாம் வசனத்தை மூச்சுப் பிடித்துக் கேட்டு, மனப்பாடம் செய்து, கல்யாண வீட்டு மைக்கில் ஒப்பித்துப் பழகியவர்கள். இவர் எழுதியதோ கரகரப்பு நீக்கிய சிக்னல். 'முதல்வன்' (1999) பேட்டிக் காட்சியைப் பாருங்கள். ரகுவரனும் அர்ஜுனும் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேள்வி, பதில், அதற்குள்ளிருந்தே அடுத்த கேள்வி. கடைசியில் வாய் தவறுவதுபோல் வந்து விழுகிறது, ஒரு நாள் முதல்வர் பதவி. அத்தனை பெரிய படமும் அந்த இரண்டு நாற்காலிகளின் மேல்தான் நிற்கிறது. குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் விசிலடித்த கூட்டம் சண்டைக் காட்சிக்குச் சமமாக இதையும் ரசித்தது. அவர் வசனம் எழுதிய 'பாய்ஸ்' எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிவியிலும் அவர் வந்தார். தூர்தர்ஷனில் 'என் இனிய இயந்திரா' ஓடியபோது, ஜீனோ என்கிற ரோபோ நாய்க்காகவே செட்டைச் சீக்கிரம் சரிபண்ணித் தரச்சொல்லி வீட்டுப் பிள்ளைகள் கடைக்கு வந்து நிற்பார்கள். இயந்திரத்துக்கும் குறும்பு உண்டு என்று அவர் காட்டியது 'எந்திரன்' வரை நீண்டது. 2010இல் அந்தப் படம் வந்தபோது அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27இல் காலமாகிவிட்டார். மிச்ச வசனங்களுக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் மதன் கார்க்கி. அவரும் இன்ஜினியரிங் படித்தவர்தான், கிண்டியில்.

சினிமாவுக்கு எழுத ஆசைப்படும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று: அவர் எழுதிய 'திரைக்கதை எழுதுவது எப்படி' புத்தகத்தை முதலில் வாங்கிப் படியுங்கள், வடபழனிக்கு அப்புறம் பஸ் ஏறலாம்.