பெலிக்காட் துணியும் பழவேற்காடும்

மலாய் ஆடவர் வீட்டிலும் தொழுகையிலும் உடுத்தும் கட்டம்போட்ட சாரத்திற்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'காயின்' என்பது துணியைக் குறிக்கும் மலாய்ச் சொல். 'பெலிக்காட்' என்பதோ ஓர் ஊரின் பெயர். தமிழகத்துப் பழவேற்காடே அது. அயலார் நாவில் பலவாறு திரிந்த அப்பெயர், துணியோடு கடல்கடந்து மலாய் மொழியிலும் குடிபுகுந்தது.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு அமைந்துள்ளது. காலையில் சென்னையிலிருந்து புறப்படுவோர் ஊரைக் கண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் இந்திய உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்துப் பெரியதான ஏரி. மீன்பிடி படகுகளும், உலரும் வலைகளும், பருவந்தோறும் வந்திறங்கும் பூநாரைகளுமே இன்று அவ்வூரின் காட்சிகள். இவ்வமைதியான சிற்றூர் ஒருகாலத்தில் கீழை நாடுகளின் வாணிகத்தைத் தாங்கிநின்ற துறைமுகம் என்பதை எளிதில் நம்ப இயலாது.

மலாக்காவில் சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே பழவேற்காட்டு வணிகரும் துணிகளும் அங்கே சென்றதுண்டு. 1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், பின்னர்ப் பழவேற்காட்டிலும் குடியேறினர். அவர்களை அடுத்து வந்த டச்சுக்காரர், விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் 1610இல் பண்டகசாலை அமைத்தனர். 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே.

டச்சுக்காரர் இக்கரையை நாடியதற்குக் காரணம் துணியே. மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் பாண்டாத் தீவுகளின் சாதிக்காயையும் பெறுவதற்குச் சோழமண்டலத் துணியே சிறந்த மாற்றுப்பொருளாக விளங்கியது. சாயவேரால் செந்நிறமூட்டப்பட்ட அத்துணிகள் வெயிலுக்கும் சலவைக்கும் எளிதில் மங்கவில்லை. ஆகவே, ஐரோப்பியச் சந்தையை எட்டிய நறுமணப் பொருளுக்குப் பின்னால் நம் நெசவாளரின் தறியும் சாயக்காரரின் தொட்டியும் இருந்தன.

துணியோடு மனிதரும் விலைபோயினர். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் நாட்டை வாட்டியபோது, பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்கத் துணிந்தோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். பழவேற்காட்டிலிருந்து பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜக்கார்த்தாவுக்கு, அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். நம் முன்னோர் பால்மரம் சீவ இந்நாட்டிற்கு வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்த கண்ணீர்ப் பயணம் இது.

1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கையை நம் மாணவர் அறிவர். 1641 முதல் டச்சுக்காரர் உரிமை கொண்டாடிய மலாக்கா ஆங்கிலேயருக்கு மாறியதும், சிங்கப்பூர்மீது டச்சுக்காரர் எழுப்பிய மறுப்பு விலகியதும் அதன் விளைவுகளே. டச்சுக்காரரின் இந்தியக் குடியிருப்புகளும் அதே உடன்படிக்கையால் கைமாறின. 1825இல் மலாக்காவும் பழவேற்காடும் ஆங்கிலேயர் வசமாயின. ஈரூர் மக்களிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை. சென்னை வளர வளரப் பழவேற்காட்டின் வாணிகம் முற்றிலும் நலிந்தது.

இன்று கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் முட்புதருமே எஞ்சியுள்ளன. டச்சுக் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே கல்லறைகளில் டச்சுக்காரரின் பெயர்களும் ஆண்டுகளும் அழகுற வெட்டப்பட்டுள்ளன. துணி நெய்தவருக்கும் கப்பலேற்றப்பட்ட ஏழைகளுக்கும் அங்கே ஒரு கல்லும் இல்லை.

கல்லில் இடம்பெறாத அம்மக்களின் உழைப்புக்கு மலாய் மொழியில் ஒரு சொல் சான்றாக நிற்கிறது. மலாக்காவின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வகுப்பிற்கு ஒரு பெலிக்காட் சாரத்தை எடுத்துச் சென்று, அதன் பெயரிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். இந்நாட்டோடு தமிழர் கொண்ட தொடர்பு தோட்டங்களுக்கும் முற்பட்டது என்பதை மாணவர் கண்ணால் கண்டு உணர்வர்.