கடலறியாத கடற்படைத் தலைவர்

1588ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் செயலாளருக்கு ஒரு கடிதம் வந்தது. தாம் கடலிற் சென்றது சிறிதே என்றும், சென்றபோதெல்லாம் நோயுற்றதாகவும், தம் குடும்பம் ஒன்பது இலட்சம் டக்கட் கடன்பட்டிருப்பதாகவும், போர்த்தொழிலும் தமக்குத் தெரியாதென்றும் எழுதியவர் மெதினா சிதோனியாக் கோமகன். இங்கிலாந்தின்மீது ஏவப்படவிருந்த ஆர்மடா என்னும் பெருங் கடற்படையின் தலைமை தமக்கு வேண்டாம் என்பதே அவர் வேண்டுகோள்.

முன்னைய தலைவர் சாந்தா குரூஸ் அப்போதுதான் இறந்திருந்தார். கடலிலே நரைத்த ரெக்கால்தே போன்றோர் படையில் இருந்தனர். ஆயினும் உயர்குடிக் கப்பற்றலைவர்கள் தம்மிற் தாழ்ந்த குலத்தவனுக்குப் பணியார். அந்தலூசியாவின் பெரும் நிலப்பிரபுவுக்கே பணிவர். தகுதியைப் பிறப்பு தீர்மானித்தது. இம்முயற்சி தோற்கும் என்று கோமகன் எச்சரித்த இரண்டாவது கடிதத்தைச் செயலாளர்கள் மன்னனுக்குக் காட்டவேயில்லை!

ஏறத்தாழ 130 கப்பல்கள், முப்பதினாயிரம் பேர் வரை. முந்திய ஆண்டில் டிரேக் பீப்பாய்ப் பலகைகளை எரித்துவிட்டமையால் காயாத மரத்திற் பீப்பாய்கள் செய்யப்பட்டன. உணவு அழுகிற்று, நீர் நாறிற்று. சமாதானம் செய்யலாமென்று கோமகன் ஜூனில் எழுதியதையும் மன்னன் ஏற்கவில்லை.

அவரைக் கோழை என்பாருடன் நாம் உடன்படோம். கிரேவலின்ஸ் சமரில் அவரது சான் மார்ட்டின் கப்பலே முன்னின்று குண்டுகளைத் தாங்கியது. ஆனால் பின்வாங்கிய வழியில், கட்டளை மீறியதாகக் கப்பற்றலைவர் ஒருவரைத் தூக்கிலிடச் செய்தவரும் அவரே. ஸ்கொத்லாந்தைச் சுற்றித் திரும்புகையில் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை இறாத்தல் பிஸ்கட்டும் சிறிது நீரும் வைனும் மட்டுமே. நீரை மிச்சப்படுத்தக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் உயிரோடு கடலிற் தள்ளப்பட்டன. அயர்லாந்துக் கரையிற் பல கப்பல்கள் உடைந்தன. மூன்றிலொரு பங்குக் கப்பல்களேனும் ஊர் திரும்பவில்லை.

செப்டெம்பரில் அவர் சாந்தாந்தேர் துறையை அடைந்தபோது அவர் கப்பலில் மட்டும் நோயால் மாண்டவர் 180 பேர். எஞ்சியோருக்குப் பணமும் உணவும் வேண்டி அவர் எழுதினார். பின்னர் பல்லக்கில் ஏறித் தம் ஊருக்குச் சென்றார். அரசவைக்கு வரவேண்டியதில்லை என மன்னன் சலுகையும் அளித்திருந்தான். மாலுமிகளோ துறைமுகத்திற் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர்.

வென்றவர் கரையிலும் நிலை வேறன்று. கூலி பெறாத ஆங்கில மாலுமிகள் மார்கேற் வீதிகளில் மாண்டதை அவர்களது தலைவர் ஹவார்ட்டே எழுதியுள்ளார். டிரேக்கின் வீரத்தையும் புயலையும் ஓயாது பாடும் ஆங்கில வரலாற்றுப் பாடநூல்களில் நாம் இவர்களைக் கண்டதில்லை.

கோமகன் பதவியிழக்கவில்லை. 1596இல் ஆங்கிலேயர் காடிஸ் நகரைச் சூறையாடியபோதும் அக்கரையின் பாதுகாப்பு அவர் பொறுப்பிலேயே இருந்தது.