ரண ஜன்னிக் கிருமியின் தூய வளர்ப்பு

ஆக்சிஜன் பட்டால் வளராத பாக்டீரியாக்கள் காற்றில்லா உயிரிகள் எனப்படுகின்றன. இவை உண்டென்பதை 1861-ல் பிரான்சின் லூயி பாஸ்டர் கண்டறிந்தார். நுண்ணோக்கியின் கீழ், துளியின் நடுவில் நீந்திய நுண்கோல்கள் காற்றுப்படும் ஓரத்தில் அசைவற்றுப் போயின.

அவற்றைத் தனியே வளர்ப்பதுதான் கடினமாக இருந்தது. காயத்தின் வழியே புகுந்து தாடையை இறுக்கிக் கொல்லும் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ், இதற்குச் சான்று. 1884-ல் ஆர்தர் நிக்கோலையர் மண்ணைச் செலுத்தி விலங்குகளுக்கு அந்நோயை வரவழைத்தார். கிருமியையும் கண்டார். ஆனால் கூட இருந்த பிற கிருமிகளிலிருந்து அதைப் பிரிக்க அவரால் இயலவில்லை.

பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜப்பானியர் கிட்டசாட்டோ ஷிபாசபுரோ 1889-ல் அதைச் சாதித்தார். கலப்பு வளர்ப்பை 80 பாகை செல்சியசில் சூடாக்கினார். மற்ற கிருமிகள் மடிந்தன. ரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் வெப்பத்தைத் தாங்கி எஞ்சின. பின்னர் ஹைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றிய கலத்தில் அவற்றை வளர்த்தார். சூடும் ஹைட்ரஜனும் சேர்ந்தே பயன் தந்தன. சூடாக்கியதோடு நின்றிருந்தால் எஞ்சிய வித்துகள் காற்றில் முளைத்து வளர்ந்திரா.

தூய வளர்ப்பு கிடைத்ததால் கிருமியின் நச்சையும் ஆராய முடிந்தது. 1890-ல் எமில் ஃபான் பெரிங்குடன் சேர்ந்து, இரத்தநீரில் உண்டாகும் எதிர்நச்சைப் பற்றிய கட்டுரையை கிட்டசாட்டோ வெளியிட்டார். 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்கு மட்டுமே கிடைத்தது.