விபோர்க் ஏரிகளும் நாம் கைவிட்ட துடுப்பும்

விபோர்க் நகரின் பேராலயம் நிற்கும் மேட்டிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கினால் இரண்டு ஏரிகள் கண்ணிற்படும். வடக்கே உள்ளது நோரசோ, தெற்கே உள்ளது சொண்டர்சோ. டெனிஷ் மொழியில் 'சோ' என்றால் ஏரி. இரண்டையும் ஓர் அணைவீதி பிரிக்கிறது. கோடை மாலைகளில் இந்த ஏரிகளில் டெனிஷ் இளைஞரும் முதியோரும் சிறு வள்ளங்களில் அமைதியாகத் துடுப்பு வலித்துச் செல்வதைக் காணலாம். கரையோரப் பாதையில் நம்மவர்களும் உலாவுகிறார்கள். ஆனால் வள்ளத்தில் நம்மவரைக் காண்பது அரிது.

இது ஏன் என்ற கேள்வியை என்னிடம் எழுப்பியவள் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய வகுப்பினர் குடெனோ ஆற்றில் இரண்டு நாள் வள்ளப் பயணம் செல்லவிருந்தனர். பாடசாலை அனுப்பிய அனுமதிக் கடிதத்தில் தாய் கையொப்பமிட மறுத்துவிட்டார். பழைய ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் அறிவுரை கேட்க வந்த அந்தத் தாய், "மாஸ்டர், நான் சின்னனில கிளாலியால வந்தனான். தண்ணியெண்டாலே எனக்கு நெஞ்சு பதறும். பிள்ளையை எப்பிடி விடுறது?" என்றார். நானும் அவர் பக்கமே தலையசைத்தேன். அப்போது சிறுமி கேட்டாள்: "மாமா, எங்கட ஆக்கள் கப்பல் ஓட்டினவை எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்? பிறகேன் இப்ப பயம்?"

அவளுக்கு அன்று என்னால் விடை கூற முடியவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சியாகும்.

பனி செதுக்கிய நிலம்

முதலில் நாம் வாழும் இந்நிலத்தின் வரலாற்றை அறிவோம். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழிக் காலத்தில், பெரும் பனிப்படலம் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் யூலாந்தை மூடியிருந்தது. அப்படலம் மேற்கே எவ்வளவு தூரம் வந்து நின்றதோ, அந்த எல்லை விபோர்க் நகருக்குத் தெற்கேயுள்ள டொலரூப் குன்றுகளின் அருகிற்றான் திரும்புகிறது. பனிக்கு அடியில் ஓடிய உருகுநீர் நிலத்தை ஆழமாக அரித்துப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கியது. அவற்றில் நீர் தேங்கி ஏரிகளாயிற்று. குன்றுகளின் அடியிலுள்ள ஹல்ட் ஏரி 31 மீற்றர் ஆழமுடையது. டென்மார்க்கின் மிக ஆழமான ஏரிகளில் அதுவும் ஒன்று.

பனி விலகியபின் மனிதர் வந்தனர். அவர்களுக்கு வீதிகள் இல்லை. நீரே வீதியாக இருந்தது. பியூன் தீவின் மேற்குக் கரையில் திப்ரிண்ட் விக் என்னுமிடத்தில், 1970களின் பிற்பகுதியிலிருந்து 1987 வரை கடலடியில் நடைபெற்ற அகழ்வாய்வில், 6,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடைய வள்ளங்கள் வெளிப்பட்டன. ஒரே மரத்தைக் குடைந்து செய்தவை அவை. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 9.5 மீற்றர் நீளமானது. அவற்றோடு கிடைத்த துடுப்புகளின் அலகுகளிற் சித்திர வேலைப்பாடுகள் செதுக்கப்பட்டிருந்தன. உயிர் வாழ்வதே போராட்டமாக இருந்த காலத்திலும் மனிதன் தன் துடுப்பை அழகு செய்திருக்கிறான்!

ஏரிக்கரையில் ஒரு நகரம்

விபோர்க் நகரமும் நீரோடு பிணைந்த நகரமே. சொண்டர்சோ ஏரிக்கரையில் நடந்த அகழ்வாய்வுகளில் 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த கைவினைஞர் பட்டறைகள் கண்டெடுக்கப்பட்டன. ஈரமண் மூடிக் காத்ததால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மரப்பொருள்களும் அழியாமல் கிடைத்தன. டெனிஷ் மன்னர்களை மக்கள் கூடி அரசராக ஏற்றுக்கொண்ட பேரவை நூற்றாண்டுக் கணக்காக இந்நகரிலேயே கூடியது. 1313இல் யூலாந்துக் குடியானவரின் கிளர்ச்சியை அடக்கிய எரிக் மென்வெட் என்னும் அரசன், இந்த ஏரிக்கரையில் ஒரு கோட்டையை எழுப்பினான். கோட்டை நெடுங்காலம் நிலைக்கவில்லை. இன்று அவ்விடம் போர்வோல் பூங்கா. நம் பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடுகிறார்கள்.

ஹல்ட் ஏரிக்கரைக்கும் ஒரு கதை உண்டு. அங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாளிகைகள் எழுந்தன. 1528இல் விபோர்க்கின் கடைசிக் கத்தோலிக்க ஆயர் யோர்கன் பிரீஸ் அங்கே அரண்சூழ்ந்த மாளிகை ஒன்றைக் கட்டினார். 1536இல் மதச் சீர்திருத்தம் நாட்டின் சட்டமானபோது, தாம் கட்டிய அதே மாளிகையிலேயே அவர் சிறை வைக்கப்பட்டார். அதன் கோபுரத்தை இன்றும் ஏரிக்கரையிற் காணலாம்.

வள்ளம் இழுத்தவர்கள்

விபோர்க் ஏரிகளிலிருந்து வெளியேறும் நீர் நோரெயோ என்னும் சிற்றாற்றில் சேர்ந்து, ரண்டர்ஸ் நகருக்கு அருகே குடெனோ ஆற்றில் கலக்கிறது. குடெனோ டென்மார்க்கின் மிக நீண்ட ஆறு. நாட்டின் வள்ளப் பயணிகள் பெரிதும் நாடுவது இந்த ஆற்றையும் அதன் ஏரிகளையுமே.

ஆனால் இந்த ஆறு எப்போதும் உல்லாச ஆறாக இருந்ததில்லை. 1844இல் சில்கெபோர்க்கில் காகித ஆலை நிறுவப்பட்ட பின்னர், ரண்டர்ஸ் துறைமுகத்துக்கும் சில்கெபோர்க்குக்கும் இடையே சரக்குத் தோணிகள் பெருந்தொகையாக ஓடின. ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்துச் செல்லும்போது கரையில் நடந்தபடி மனிதரும் பின்னர் குதிரைகளும் கயிறு கட்டித் தோணிகளை இழுத்தனர். தோளில் கயிறு பதிய, சேற்றில் கால் புதைய, மழையிலும் குளிரிலும் இழுத்த அந்த ஏழைத் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். புகைவண்டி வந்தபின் அத்தொழில் நலிந்தது. அவர்கள் நடந்து தேய்த்த ஆற்றோரப் பாதை இன்று சுமார் 70 கிலோமீற்றர் நீளமான நடைபாதையாகப் பேணப்படுகிறது. ஒரு தலைமுறை கண்ணீரோடு நடந்த பாதையில் அடுத்த தலைமுறைகள் மகிழ்ச்சியோடு நடக்கின்றன.

குடெனோவின் மற்றொரு பகுதி தங்கே ஏரி. 2007ஆம் ஆண்டின் நகரசபை மறுசீரமைப்பில் பியரிங்புறோ விபோர்க்கோடு இணைந்ததால், அந்த ஏரிக்கரையின் ஒரு பகுதி இன்று நமது நகரசபை எல்லைக்குள் இருக்கிறது. பார்ப்பவர் இதை இயற்கை ஏரி என்றே நினைப்பர். உண்மையில் இது மனிதன் ஆக்கிய ஏரி. 1920–21இல் நீர்மின் நிலையத்துக்காக ஆற்றை அணைகட்டி மறித்தபோது பள்ளத்தாக்கிலிருந்த வயல்களும் வீடுகளும் நீருள் மூழ்கின. அங்கிருந்தோர் இடம்பெயர்ந்தனர். மேலேறிச் செல்ல வழியின்றி இந்த ஆற்றுக்கே உரிய சால்மன் மீனினமும் அழிந்துபோயிற்று. நாட்டின் மிகப் பெரிய செயற்கை ஏரியின் அடியில், யாரோ சிலருடைய பிறந்த மண் கிடக்கிறது. இது நமக்குச் சொல்லாமலே புரியும்.

வள்ளத்தில் வருவோர் இந்த அணையைத் தாண்ட முடியாது. கரையேறி, வள்ளத்தைத் தூக்கியோ சிறு வண்டியில் வைத்தோ அணையின் மறுபுறம் கொண்டு சென்று மீண்டும் நீரில் இறக்க வேண்டும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்று நம் முன்னோர் சொன்னதைத் தங்கேயில் கண்ணாரக் காணலாம்.

மூன்று சொற்கள்

இங்கே ஓட்டப்படும் வள்ளங்கள் இருவகைப்படும். 'கனோ' என்பது மேல் திறந்தது. ஒருபுறம் மட்டும் அலகுள்ள துடுப்பால் வலிப்பது. 'கயாக்' என்பது மேல் மூடியது. இருபுறமும் அலகுள்ள துடுப்பு உடையது.

இச்சொற்கள் ஐரோப்பியருடையவை அல்ல. 'கனோ' கரீபியன் தீவுகளின் பழங்குடியினர் சொல். 1492இல் கொலம்பசோடு வந்த ஸ்பானியர் அதனைக் கேட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். 'கயாக்' கிரீன்லாந்து இனுயிட் மக்களின் சொல். கடலில் ஒதுங்கிய மரத்தாற் சட்டமமைத்து, கடல்நாய்த் தோலைப் போர்த்தி, ஓட்டுபவனின் உடல் அளவுக்கே ஏற்பச் செய்த வேட்டை வள்ளம் அது. அம்மக்களின் மொழியிலிருந்தே அச்சொல் டெனிஷ் மொழியிற் புகுந்தது. மூன்றாவது சொல்லும் ஒன்று உண்டு. இரட்டை உடற் படகுகளை உலகெங்கும் 'கற்றமரன்' என்கிறார்கள். அது நமது 'கட்டுமரம்' அன்றி வேறென்ன?

ஆண்டவர்களின் மொழிகளில் ஆளப்பட்டவர்களின் வள்ளச் சொற்கள் வாழ்கின்றன. நாவாய், அம்பி, திமில், ஓடம், தோணி, வள்ளம், தெப்பம் என நம் மொழியில் கலங்களுக்கு எத்தனை பெயர்கள்! நெடுங்காலத்துக் கதையும் அல்ல இது. வல்வெட்டித்துறையில் நம்மவர் கையாற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதனைச் செலுத்தியோருள் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் இருந்தனர்.

அச்சம் எப்போது வந்தது?

அப்படியானால் நீர் நமக்கு எப்போது அச்சமாயிற்று? தரைவழிகள் அடைபட்டிருந்த 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே மக்கள் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்தே போய்வந்தனர். இரவில், விளக்கின்றி, ஓர் இயந்திரப் படகின் பின்னால் கயிற்றாற் பிணைத்த படகுகளில், குழந்தைகளின் வாயைப் பொத்தியபடி கடந்தோம். 1993 சனவரியில் அங்கே பயணிகள் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபின், பல்லாயிரவர் மீண்டும் அதே நீரைக் கடந்தனர்.

கிளாலியும் ஆழமற்ற, பெரும்பாலும் அலையற்ற நீர்தான். நம்மைக் கொன்றது நீரன்று, போர். ஆயினும் நம் உடல் அதனை நீரின் குற்றமாகவே நினைவில் வைத்திருக்கிறது. நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எச்சரிக்கையா, அல்லது நமது நடுக்கமா? எச்சரிக்கை அவர்களைக் காக்கும். நடுக்கமோ அவர்களைக் கரையிலேயே நிறுத்திவிடும். அதிலும் ஆண்பிள்ளையை அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளையை மட்டும் மறிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நீர் ஆண், பெண் பார்ப்பதில்லை. நீந்தத் தெரிந்தவரா, தெரியாதவரா என்பதையே அது பார்க்கும்.

அறிய வேண்டியவை

அமைதியான ஏரியும் ஆபத்தற்றதன்று. 2011 பெப்ரவரி 11ஆம் நாள் பிரஸ்டோ குடாவில் ஓர் உறைவிடப் பாடசாலையின் துடுப்புப் படகு கவிழ்ந்தது. ஏறத்தாழ உறைநிலைக் குளிரிலிருந்த நீரில் பதின்மூன்று மாணவரும் இரண்டு ஆசிரியரும் வீழ்ந்தனர். ஓர் ஆசிரியர் உயிரிழந்தார். ஏழு மாணவர் உடல் விறைத்து உணர்விழந்த நிலையில் மருத்துவமனையிற் காப்பாற்றப்பட்டனர். இங்கே நீரின் ஆழத்தைவிடக் குளிரே கொடியது. ஆகவே பெற்றோர் பாடசாலையிடம் கேட்க வேண்டிய கேள்வி "போகலாமா?" என்பதன்று. எந்த மாதம்? ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா? துணைக்கு எத்தனை பெரியவர்? கவிழ்ந்தால் என்ன செய்வதென்று பயிற்சி கொடுத்தார்களா? இவற்றைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல ஆசிரியர் அதனை மதிப்பார்.

குடும்பமாகத் தொடங்க விரும்புவோர் கோடையில், காற்றில்லாத காலைப் பொழுதில், சொண்டர்சோ போன்ற ஏரியில் கரையை ஒட்டியே செல்லுங்கள். வள்ளத்தில் எழுந்து நிற்க வேண்டாம். கவிழ்ந்தால் வள்ளத்தை விட்டு நீந்த வேண்டாம், அதைப் பற்றிக்கொள்ளுங்கள். எல்லா ஏரிகளிலும் எல்லாக் காலத்திலும் வள்ளம் இறக்க அனுமதியில்லை. குடெனோவிலும் விதிகள் உண்டு. முன்கூட்டியே விசாரித்து அறிவது நன்று. துடுப்பெடுக்கத் துணியாத முதியோருக்குக் கோடையில் 'மார்கிரேத' என்ற உல்லாசப் படகு இரு ஏரிகளிலும் ஓடுகிறது. அதிலிருந்தாவது நகரை நீரிலிருந்து பாருங்கள்.

அந்தத் தாய் கடிதத்தில் கையொப்பமிட்டாரா என்று கேட்பீர்கள். அந்த ஆண்டு இடவில்லை. அடுத்த கோடையில் மகளோடு தாமும் ஏரிக்கு வந்தார். மகள் வள்ளத்தில் ஏறினாள். தாய் கரையோரப் பாதையில் வள்ளத்துக்கு ஈடாக நடந்துகொண்டே வந்தார். ஒரு கணமும் கண்ணை எடுக்கவில்லை. முன்னொரு காலத்தில் குடெனோவின் கரையில் கயிறு பிடித்து நடந்தவர்களை நான் நினைத்துக்கொண்டேன். இந்தத் தாயின் கையிற் கயிறு இல்லை; அவ்வளவுதான்.

கயிற்றை முழுதாக விடச் சொல்லவில்லை, பெற்றோரே. சிறிது நீளமாக விடுங்கள். துடுப்புப் பிடிப்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்கும் வித்தையன்று. இடையில் நாம் கைவிட்டது.