பழைய மொபெட்டுகளில் கார்புரேட்டர் கசிவு: விருத்தாசலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

விருத்தாசலம் பீங்கான் சூளைகள் எரியும் ஊர். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தள்ளியிருக்கும் தீயையும் எட்டிவிடும். எனவே சூளைக் கொட்டகையோரம் நிற்கும் வண்டியில் பெட்ரோல் சொட்டினால் போவது மைலேஜ் மட்டுமல்ல. அது உயிருக்கே ஆபத்து. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் வந்தபின் புதிய வண்டிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. ஆனால் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் போன்ற பழைய வண்டிகளில் கார்புரேட்டர் தொடர்கிறது.

2. இயங்கும் விதம்

டேங்கிலிருந்து டேப் வழியாகப் பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டர் கிண்ணத்துக்கு இறங்குகிறது. கிண்ணம் நிறைய நிறைய ஃப்ளோட் (மிதவை) மேலெழுந்து, ஊசி போன்ற பின்னை அது பொருந்தும் துளையான சீட்டில் அழுத்தி வழியை அடைக்கிறது. இந்த அடைப்பு தவறினால் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகும்.

3. கசிவின் வகைகள்

(அ) டேப்பை மூடி, கிண்ணத்தில் எஞ்சியது வடிந்த பிறகும் ஈரம் தொடர்ந்தால், குறை டேங்கிலோ டேப்பிலோ இருக்கிறது. கார்புரேட்டரைத் தொட வேண்டியதில்லை.

(ஆ) டேப்பைத் திறந்து, இன்ஜினை நிறுத்திய நிலையில் ஓவர்ஃப்ளோ வழியாகச் சொட்டினால், பின், சீட், ஃப்ளோட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு நனைந்தால் வாஷரைப் பார்க்க வேண்டும்.

(இ) வண்டி ஓடும்போது மட்டும் கசிந்தால், அதிர்வில் விலகும் இணைப்பையோ ட்யூபின் வெடிப்பையோ ஐயுற வேண்டும்.

4. கண்டறியும் முறை

எக்ஸ்எல் சூப்பர் டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலும் கலந்தே ஊற்றுகிறோம். கசிந்த பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆயில் தங்கிவிடும். அதில் மண்தூசி ஒட்டிக் கறையாகும். பெட்ரோல் வழிவது கீழ்நோக்கி என்பதால், கறையின் மேல் எல்லையே கசிவின் பிறப்பிடம். துடைக்கும் முன் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நன்றாகத் துடைத்து, டேப்பைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பிலும் வெள்ளைத் தாளை ஒற்றினால் முதலில் நனையும் இடம் தெரியும்.

பின்னைக் கழற்றினால் அதன் கூம்பு முனையை வெளிச்சத்தில் பார்க்கவும். சீட்டில் பதியும் இடத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் ட்யூபையும் வளைத்துப் பார்ப்பது நல்லது.

5. ஒப்பீடு: நீர் ஸ்கூட்டர்

பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கீக்களில் ஃப்ளோட் கிண்ணத்துக்குப் பதில் டயஃப்ரம் இருக்கும். அலையில் எப்படிச் சாய்ந்தாலும் அளவு மாறாது. ஆனால் அங்கும் பின்னும் சீட்டும் உண்டு, தேய்மானமும் உண்டு. கசிவு மூடிய அடிக்கூட்டில் தேங்குவதால், ஸ்டார்ட் செய்யும் முன் அதைத் திறந்து காற்றாட விட வேண்டும்.

6. முடிவு

எப்போது கசிகிறது, எங்கே முதலில் நனைகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை ஸ்பானரை எடுக்கலாகாது. புது வண்டி வாங்க வசதியில்லாத சிறுவியாபாரிகள் பலர் இன்றும் கார்புரேட்டர் வண்டிகளை நம்பியிருக்கிறார்கள். அவர்களிடம் கார்புரேட்டர் ரிப்பேர் கிட் முழுவதையும் மாற்றச் சொல்வது வீண்செலவு. பழுதான ஒரு பாகத்தை மட்டும் மாற்றித் தரும் இந்த முறையை, கார்புரேட்டர் வழக்கொழியும் இக்காலத்திலும் தொழில் பழகும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது அவசியம்.