இரண்டாண்டு அனுமதி: குவாத்தமாலாவில் ஐ.நா. ஆதரவு பெற்ற ஊழல் விசாரணை ஆணையம், 2007–2019

வளரும் நாடுகளில் அரசு ஊழலைத் தடுக்க வெளியிலிருந்து வந்த உதவி பெரும்பாலும் பயிலரங்கு, சட்ட வரைவு, ஆலோசகர் அறிக்கை என்ற அளவிலேயே நின்றது. உலக வங்கித் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபன்சன் 1996இல் ஊழலைப் புற்றுநோய் என்று வெளிப்படையாகச் சாடிய பின்னும், 2003இல் ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை வந்த பின்னும் இந்தப் போக்கு அதிகம் மாறவில்லை. குவாத்தமாலா ஒரு விதிவிலக்கு. அங்கே வெளிநாட்டுப் புலனாய்வாளர்கள் உள்நாட்டுச் சட்டத்தின்கீழ் வழக்குகளைக் கட்டியெழுப்பினர். ஆணையத்தின் வலிமைக்கும் வீழ்ச்சிக்கும் அதன் ஒப்பந்த அமைப்பே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில் முடிந்தது. ஆனால், போர்க்காலத்தில் வளர்ந்த ராணுவ உளவு வலைப்பின்னல்கள் கலையவில்லை. சுங்கத்திலும் காவல்துறையிலும் வேர்விட்டன. இவற்றை விசாரிக்க ஓர் ஆணையம் அமைப்பதற்காக, மனித உரிமை அமைப்புகளின் வற்புறுத்தலால் 2004இல் ஐ.நா.வுடன் ஓர் ஒப்பந்தம் உருவானது. வெளிநாட்டார் தாமே வழக்குத் தொடுக்கலாம் என்ற ஏற்பாட்டை அரசியல் சாசன நீதிமன்றம் ஏற்கவில்லை. 2006 டிசம்பர் 12இல் கையெழுத்தான இரண்டாம் ஒப்பந்தம் அடக்கமானது: வழக்கை நடத்துவது உள்நாட்டு அரசு வழக்குத் துறை, ஆணையம் இணைவாதி மட்டுமே. அதையும் நாடாளுமன்றம் இழுத்தடித்தது. 2007 பிப்ரவரியில் எல் சால்வடோரைச் சேர்ந்த மத்திய அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் மூவர் குவாத்தமாலாவில் கொல்லப்பட்டனர். அதற்காகக் கைதான காவலர் நால்வரும் சில நாட்களிலேயே சிறைக்குள் கொலையுண்டனர். அதன்பின் எதிர்ப்பாளர்களின் குரல் தணிந்தது. ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது.

ஸ்பெயினின் கார்லோஸ் காஸ்ட்ரெசானா முதல் தலைவர். தொலைபேசி ஒட்டுக்கேட்பு, அப்ரூவர் முறை, பெரும் வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம், வழக்குத் துறைக்குள் ஒரு சிறப்புப் பிரிவு ஆகிய கருவிகள் அடுத்த சில ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தன. பேசப்பட்ட வெற்றிகளைவிட இந்தக் கருவிகளே ஆணையத்தின் உண்மையான பங்களிப்பு என்பேன்.

அவற்றின் பயன் 2015 ஏப்ரல் 16இல் தெரிந்தது. இறக்குமதியாளர்களிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு சுங்க வரியைக் குறைத்துக்கொடுத்த ‘லா லீனியா’ கும்பல் பிடிபட்டது. வரித்துறைத் தலைவரே கைதானவர்களுள் ஒருவர். கும்பலின் முக்கியப் புள்ளியாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் துணை அதிபர் ரொக்சானா பால்டெட்டியின் தனிச்செயலர். அப்போது தென்கொரியாவில் கௌரவ முனைவர் பட்டம் பெறச் சென்றிருந்த பால்டெட்டியுடன் போன அவர், திரும்பி வராமல் தலைமறைவானார். சனிக்கிழமைதோறும் தலைநகரின் மையச் சதுக்கம் மக்களால் நிரம்பியது. பால்டெட்டி மே மாதத்தில் விலகினார். செப்டம்பர் 1இல் அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினாவின் சட்டப் பாதுகாப்பை நாடாளுமன்றம் எதிர்ப்பே இல்லாமல், 132 வாக்குகளால் நீக்கியது. மறுநாள் இரவு அவரும் பதவி விலகினார். ஆணையத்தை நீட்டிக்கத் தயங்கிவந்த அவர், ஏப்ரல் கைதுகளுக்குப் பின் வேறு வழியின்றி நீட்டிப்புக் கோரியிருந்தார்.

அங்கேதான் முடிச்சு. ஆணையத்தின் ஆயுள் இரண்டிரண்டு ஆண்டாகவே நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பைக் கோர வேண்டியவர் பதவியிலிருக்கும் அதிபர். 2015 மார்ச்சில் அமெரிக்கத் துணை அதிபர் ஜோ பைடன் நேரில் வந்து நீட்டிப்பை வலியுறுத்தினார். இப்படி வெளியழுத்தம் இருந்தவரை அந்த ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை. அடுத்து அதிபரான ஜிம்மி மொராலெஸ் முன்னாள் நகைச்சுவை நடிகர். ஊழல் எதிர்ப்பைச் சொல்லியே வென்றவர். அவருடைய தேர்தல் நிதி குறித்து விசாரிக்க 2017 ஆகஸ்ட் 25இல் ஆணையமும் தலைமை வழக்கறிஞரும் அனுமதி கேட்டனர். இரண்டே நாளில், ஆணையத் தலைவரான கொலம்பிய நீதிமான் இவான் வெலாஸ்கெஸை நாட்டைவிட்டு வெளியேறும்படி மொராலெஸ் உத்தரவிட்டார். நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஓராண்டு கழித்து, நீட்டிப்பு இல்லை என்றார் அதிபர். அன்று ராணுவ ஜீப்புகள் ஆணைய அலுவலகத்தின் முன் நின்றன. டிரம்ப் ஆட்சியிலிருந்த வாஷிங்டன் அழுத்தம் தரவில்லை. 2019 செப்டம்பர் 3இல் ஆணையம் மூடப்பட்டது.

பெரெஸ் மொலினாவுக்கும் பால்டெட்டிக்கும் 2022 டிசம்பரில் தலா 16 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஆனால், வழக்குத் துறையின் தலைமை 2018இலேயே கான்சுவேலோ பொர்ராஸின் கைக்கு மாறியிருந்தது. சிறப்புப் பிரிவின் தலைவர் ஹுவான் பிரான்சிஸ்கோ சாண்டோவால் 2021இல் நீக்கப்பட்டு வெளிநாட்டில் தஞ்சம் புகுந்தார். பிரிவு கலைக்கப்படவில்லை; அதிபர் தேர்தலில் ஊழலை எதிர்த்துப் போட்டியிட்ட பெர்னார்டோ அரெவாலோவின் கட்சியை முடக்க 2023 ஜூலையில் நீதிமன்ற ஆணை பெற்றது அதே பிரிவுதான்.